கோதன்பர்க்கின் ஐந்து பேர்: பிரியும் செல்லைக் காட்டிக்கொடுத்த ஆன்டிபாடி

வளர்ந்த மனிதரின் மூளையிலும் புது நியூரான்கள், அதாவது நரம்புச் செல்கள், பிறக்கின்றன என்று 1998 நவம்பரில் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஆய்வுக்கு உட்பட்டவர்கள் ஐந்தே பேர். ஐவரும் நாக்கின் அடிப்பகுதியிலோ தொண்டையிலோ குரல்வளையிலோ புற்றுநோய் வந்து இறந்தவர்கள். மூளையைப் பற்றித் தெரிந்துகொள்வதற்காக அவர்களுக்கு எதுவும் கொடுக்கப்படவில்லை. கட்டி எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று பார்ப்பதற்காக ஒரு வேதிப்பொருளை நரம்பு வழியாக ஏற்றினார்கள், அவ்வளவுதான். அந்தப் பொருள் ரத்தத்தோடு மூளைக்கும் போயிருக்கும். அன்றைக்கு அங்கே ஏதாவது ஒரு செல் பிரியத் தயாராகிக்கொண்டிருந்தால் அதிலும் தங்கியிருக்கும். சுவீடனில் கோதன்பர்க் நகரின் பீட்டர் எரிக்சனும், அமெரிக்காவில் சால்க் நிறுவனத்தின் ஃபிரெட் கேஜும் பிடித்துக்கொண்டது இந்த ஒரு நூலைத்தான்.

இந்தக் கட்டுரையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் முடிவை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். ‘மூளையிலும் புது செல் பிறக்கும்’ என்பது நல்ல செய்திதான். ஆனால் யாரும் அந்தச் செல் பிரிவதைக் கண்ணால் பார்க்கவில்லை. பார்த்தது ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட ஒரு மூலக்கூறைத் தேடி ஒட்டிக்கொள்ளும் புரதம். எது எதோடு ஒட்டியது, எது ஒட்டவில்லை, ஒட்டாமலே ஒட்டியதுபோல் தெரிந்தது எது என்பதைச் சுற்றித்தான் இந்த விவகாரம் முழுவதும் நகர்ந்திருக்கிறது, இன்றுவரை நகர்கிறது. அதனால் முடிவைவிட அதைக் கண்ட வழியைத்தான் விரிவாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆன்டிபாடிக்கு முன்

பிரியப்போகும் செல் முதலில் தன் டிஎன்ஏ முழுவதையும் இன்னொரு பிரதி எடுத்துக்கொள்ளும். செல் சுழற்சியில் இதை எஸ் கட்டம் என்பார்கள். டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் தைமின் ஆர்என்ஏவில் வருவதில்லை. எனவே தைமினைக் கொண்ட தைமிடினில் அடையாளம் வைத்து உடலுக்குள் அனுப்பினால், அந்த நேரத்தில் டிஎன்ஏ எழுதிக்கொண்டிருக்கும் செல்கள் மட்டும் அதை எடுத்துக்கொள்ளும். 1950-களின் பிற்பகுதியில் ட்ரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் ஏற்றிய தைமிடினை இதற்குப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். திசுச் சீவலின் மேல் புகைப்படக் குழம்பைப் பூசி வாரக்கணக்கில் இருட்டில் வைத்தால், கதிரியக்கம் இருந்த இடத்தில் கறுப்பாக வெள்ளித் துகள்கள் படியும். உட்கருவின் மேல் அந்தத் துகள்கள் எத்தனை என்று எண்ண வேண்டும்.

ஜோசப் ஆல்ட்மேன் 1960-களில் இப்படித்தான் வளர்ந்த எலியின் மூளையில் புது நியூரான்கள் உருவாவதாகச் சொன்னார். பெரும்பாலானோர் நம்பவில்லை. வளர்ந்த மூளையின் நியூரான்கள் கூடாது, இழந்தால் திரும்பாது என்பது நரம்பியலின் முன்னோடி காஹால் காலத்திலிருந்து வேரூன்றிய கருத்து. அதுபோக முறையிலேயே ஒரு பலவீனம் இருந்தது. வெள்ளித் துகள் சீவலின் மேற்பரப்பில்தான் படியும், ஆழத்தில் என்ன இருக்கிறதென்று அது சொல்லாது. துகள் விழுந்த செல் நியூரானா, பக்கத்தில் ஒட்டிக்கொண்டு அதற்குத் துணை நிற்கும் கிளியா செல்லா என்பதை வடிவத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. 1977-இல் மைக்கேல் கேப்லன் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காட்டியபோதும் எதிர்ப்பு அடங்கவில்லை. ஆல்ட்மேன் சொன்னது சரி என்று ஏற்க முப்பது ஆண்டுகள் ஆயின. அந்தத் தாமதத்துக்குப் பிடிவாதமும் ஒரு காரணம்தான். ஆனால் ஒரே செல்லிடம் ‘நீ புதிதாகப் பிறந்தாயா?’, ‘நீ நியூரானா?’ என்ற இரண்டு கேள்வியையும் சேர்த்துக் கேட்கும் கருவி அன்று கையில் இல்லை என்பதை அதைவிடப் பெரிய காரணமாக நான் பார்க்கிறேன்.

பிஆர்டியூ

அந்தக் கருவி வந்தது 1982-இல். தைமிடினில் ஒரு மெத்தில் தொகுதி இருக்கும் இடத்தில் புரோமின் அணுவை வைத்தால் கிடைப்பது புரோமோடிஆக்சியூரிடின், சுருக்கமாக பிஆர்டியூ. இரண்டும் அளவில் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் செல்லுக்கு வித்தியாசம் தெரியாது. தைமிடின் என்று நினைத்து டிஎன்ஏவில் கோத்துவிடும். இந்த பிஆர்டியூவை மட்டும் அடையாளம் காணும் மோனோகுளோனல் ஆன்டிபாடியை ஹோவர்ட் கிராட்ஸ்னர் ‘சயன்ஸ்’ இதழில் அறிவித்தார். பிஆர்டியூ போன்ற சின்ன மூலக்கூறை அப்படியே சுண்டெலிக்குள் செலுத்தினால் நோய் எதிர்ப்பு மண்டலம் அதைச் சட்டை செய்யாது. பெரிய புரதம் ஒன்றோடு பிணைத்துக் கொடுத்தால்தான் ஆன்டிபாடி உருவாகும். அதை உருவாக்கும் செல்லைப் புற்றுச் செல்லோடு இணைத்துக் காலத்துக்கும் வளர்க்கும் வித்தையை கோலரும் மில்ஸ்டைனும் 1975-இலேயே காட்டியிருந்தார்கள். ஆன்டிபாடியின் மேல் ஒளிரும் சாயத்தை ஒட்டவைக்கும் யோசனை அதற்கும் முந்தியது. ஆல்பர்ட் கூன்ஸ் 1940-களின் தொடக்கத்தில் அதைச் செய்துவிட்டார்.

இந்த அடையாளம் எப்படிப்பட்டது என்பதை ஓட்டுப் போட்டவர் விரலில் வைக்கும் மையோடு ஒப்பிடலாம். வாக்குச்சாவடி திறந்திருந்த நேரத்துக்குள் வந்தவருக்கு மட்டும்தான் மை கிடைக்கும். முந்தின நாளோ மறுநாளோ வந்தவருக்குக் கிடையாது. வைத்த மை பல நாள் இருக்கும், நகம் வளர வளரத் தேயும். பிஆர்டியூவும் ரத்தத்தில் இருப்பது சில மணி நேரம்தான். அந்த நேரத்தில் எஸ் கட்டத்தில் இருந்த செல் அடையாளம் பெறும். பெற்ற பிறகு பிரியாமல் நின்றுவிட்டால் அடையாளம் ஆண்டுக்கணக்கில் நிலைக்கும். பிரிந்துகொண்டே போனால் ஒவ்வொரு தடவையும் பாதியாகி, சில தலைமுறைகளில் ஆன்டிபாடியின் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும்.

நியூரானைத் தேடுகிறவருக்கு இது பெரிய வசதி. நியூரான் ஆகிவிட்ட செல் அதன்பின் பிரிவதில்லை. ஆகவே பிஆர்டியூ ஏற்றி வாரங்கள் கழிந்த பிறகும் அடையாளத்தைத் தக்கவைத்திருப்பவற்றில், அன்று பிறந்து, பிரிவதை நிறுத்தி, பிழைத்துக் கிடக்கும் செல்களும் இருக்கும்.

சீவலில் நடப்பது

ஆய்வகத்தில் இதைச் செய்துபார்த்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அமிலம்தான். பிஆர்டியூ ஆன்டிபாடிக்கு ஒரு குணம் உண்டு. இரட்டை இழையாக முறுக்கிக்கொண்டிருக்கும் டிஎன்ஏவுக்குள் பிஆர்டியூ இருந்தால் அதற்குத் தெரியாது. இழைகள் பிரிந்து திறந்திருந்தால்தான் போய் ஒட்டும். எனவே 40 மைக்ரோமீட்டர் தடிமனில் சீவிய மூளைத் திசுவை 2 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், 37 டிகிரியில், அரை மணி நேரம் ஊறவைப்பார்கள். கேஜ் ஆய்வகத்தினர் எலி மூளையில் பழகிய முறையில் அதற்கு முன்பே ஃபார்மமைடில் 65 டிகிரியில் இரண்டு மணி நேரம் போகும். பிறகு போரேட் கரைசலில் அமிலத்தை முறிக்க வேண்டும்.

இங்கே கை கொஞ்சம் தவறினாலும் எல்லாம் போச்சு. அமிலம் குறைந்தால் டிஎன்ஏ திறக்காது; செல் பிரிந்திருந்தும் பிரியவில்லை என்று ஸ்லைடு சொல்லும். கூடினால் சீவல் குழைந்து தூரிகையோடு ஒட்டிக்கொண்டு வரும், அதோடு மற்ற புரதங்களும் சிதையும். புரதங்கள் சிதைந்துவிட்டால் ‘நீ நியூரானா?’ என்ற இரண்டாவது கேள்வியைக் கேட்க வழியில்லை. நியூரான்களின் உட்கருவில் இருக்கும் நியூஎன் என்ற புரதம் இந்த அமிலக் குளியலைத் தாங்கும். இந்தத் துறையில் நியூஎன் ஆன்டிபாடி இவ்வளவு செல்வாக்குப் பெற்றதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

அப்புறம் இரண்டாம் ஆன்டிபாடிகள். முதல் ஆன்டிபாடி ஒன்று எலியில் செய்தது, இன்னொன்று சுண்டெலியில் செய்தது என்றால், அந்தந்த விலங்கின் ஆன்டிபாடியை மட்டும் பிடிக்கிற வேறு ஆன்டிபாடிகளை வெவ்வேறு நிறச் சாயத்தோடு ஊற்றுவார்கள். ஒரு முதல் ஆன்டிபாடியின் மேல் பல இரண்டாம் ஆன்டிபாடிகள் உட்காருவதால் ஒளி பெருகும். பிறகு கன்ஃபோகல் நுண்ணோக்கியில் ஒரே உட்கருவை மேலிருந்து கீழாக மெல்லிய அடுக்கு அடுக்காகப் பார்க்க வேண்டும். ஓர் அடுக்கில் இரண்டு நிறமும் சேர்ந்து தெரிவது போதாது. எல்லா அடுக்கிலும் சேர்ந்தே வர வேண்டும்.

ஒப்பீட்டு ஸ்லைடுகளுக்குப் பலர் நேரம் ஒதுக்குவதில்லை. எனக்கு இதில் சமரசம் கிடையாது. பிஆர்டியூ கொடுக்காத விலங்கின் திசு ஒன்று, முதல் ஆன்டிபாடி ஊற்றாத சீவல் ஒன்று, அதே பிஆர்டியூ பெற்ற விலங்கின் சிறுகுடல் ஒன்று, இந்த மூன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும். சிறுகுடலின் உள்மடிப்புகளின் அடியில் செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும். அங்கேயே அடையாளம் தெரியவில்லை என்றால் மூளையில் தெரியாததற்கு எந்த அர்த்தமும் இல்லை.

அந்த ஐவரின் திசு

ஐவருக்கும் ஏற்றியது 250 மில்லிகிராம் பிஆர்டியூ. எலிச் சோதனைகளில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 50 மில்லிகிராமோ அதற்கு மேலோ கொடுப்பது வழக்கம். 60, 70 கிலோ எடையுள்ள மனிதரில் 250 மில்லிகிராம் என்பது கிலோவுக்கு 4 மில்லிகிராம் அளவில்தான் வருகிறது. எலியில் 2001-இல் ஹெதர் கேமரானும் ரொனால்ட் மெக்கேயும் அளவைக் கூட்டிக் கூட்டிப் பார்த்து, வழக்கமான அளவுகள் எஸ் கட்டத்தில் இருக்கும் செல்களில் ஒரு பகுதியைத்தான் பிடிக்கின்றன, எல்லாவற்றையும் பிடிக்கக் கிலோவுக்கு 300 மில்லிகிராம் வேண்டும் என்று காட்டினார்கள். இளம் எலியின் டென்டேட் கைரஸ் என்ற மூளைப் பகுதியில் நாளுக்கு 9,000 புது செல்கள் என்ற கணக்கு அதிலிருந்து வந்ததுதான். மனித உடலும் எலி உடலும் மருந்தைக் கையாளும் விதம் ஒன்றல்ல என்பதை ஒதுக்கிவைத்தாலும், கோதன்பர்க்கில் கண்டது உண்மையில் இருந்ததைவிடக் குறைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பிஆர்டியூ ஏற்றியதற்கும் மரணத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளி ஆளுக்கு ஆள் மாறியது. குறைந்தது 16 நாள், அதிகம் 781 நாள். இறந்த பிறகு நினைவாற்றலோடு தொடர்புள்ள ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியை எடுத்து, அதில் டென்டேட் கைரஸ் என்ற வளைந்த பகுதியைச் சீவிப் பார்த்தார்கள். ஐவரிடமும் பிஆர்டியூ ஏந்திய உட்கருக்கள் இருந்தன. பிஆர்டியூ பெறாதவரின் திசுவில் இல்லை. அடையாளம் இருந்த செல்களில் ஒரு பகுதி நியூஎன் ஆன்டிபாடிக்கும் சாதகமாக ஒளிர்ந்தது. நியூரான்களில் காணப்படும் கால்பிண்டின், நியூரான் சார்ந்த எனோலேஸ் என்ற வேறு இரண்டு புரதங்களுக்கான ஆன்டிபாடிகளும் அதையே சொன்னன. இன்னொரு பகுதி நியூரான்களே அல்ல. கிளியா செல்களைக் காட்டும் ஜிஎஃப்ஏபி ஆன்டிபாடி அவற்றோடு ஒட்டியது. மூளையின் பக்க அறைச் சுவரோரத்திலும் பிஆர்டியூ செல்கள் கிடைத்தன. ஆனால் அங்கே அவை நியூரான் ஆனதற்குச் சான்று இல்லை என்று அவர்களே எழுதினார்கள்.

என் பார்வையில் இந்த ஆய்வின் பலம் அந்த 781 நாளில் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்கு மேல் ஆன பிறகும் ஒரு செல்லில் பிஆர்டியூ இருக்கிறது, அதே செல்லில் நியூரானின் புரதமும் இருக்கிறது என்றால், பிறந்தவுடன் செத்துப்போகும் செல் என்று அதைத் தள்ளிவிட முடியாது. எலிச் சோதனையில் ஆய்வாளரே நாளைக் குறித்து விலங்கைக் கொல்வார். இங்கே அந்த இடைவெளியை எழுதியது ஐந்து பேரின் நோய். அவர்களுடைய திசு இல்லாமல் இந்தக் கேள்விக்கு மனிதரிடம் இப்படியொரு நேரடிப் பதில் கிடைத்திருக்காது. பிஆர்டியூ டிஎன்ஏவில் மாற்றம் உண்டாக்கக்கூடிய பொருள். ஆரோக்கியமாக இருக்கும் ஒருவருக்கு ஆராய்ச்சிக்காக அதை ஏற்ற எந்த நெறிக்குழுவும் ஒப்புக்கொள்ளாது.

சந்தேகங்கள்

முதல் சந்தேகம் டிஎன்ஏ பழுதுபார்ப்பு. சேதமான டிஎன்ஏவைச் செல் சரிசெய்யும்போதும் சில எழுத்துகளை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகக் கோக்கும். அப்போது பிஆர்டியூ உள்ளே போகலாம் அல்லவா? இவர்கள் புற்றுநோயாளிகள். கதிர்வீச்சும் மருந்தும் டிஎன்ஏவைச் சேதப்படுத்தும் என்பதால் இந்தக் கேள்விக்குக் கனம் கூடுதல். பதில் அளவில் இருக்கிறது. பழுதுபார்ப்பில் மாறுவது கொஞ்சம் எழுத்துகள். எஸ் கட்டத்தில் நடப்பது கோடிக்கணக்கான எழுத்துகளின் பிரதி. ஆன்டிபாடி ஸ்டெயினிங்கில் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் இந்த இரண்டாவது அளவு தேவை. இடமும் ஒரு பதில்தான். பழுதுபார்ப்புதான் காரணம் என்றால் மூளை முழுக்க எல்லா நியூரானிலும் அங்கங்கே அடையாளம் சிதறிக் கிடக்க வேண்டும். எலியில் புது செல் பிறக்கும் அதே அடுக்கை ஒட்டிக் கொஞ்சம் செல்களில் மட்டும் தெரிவானேன்?

இரண்டாவது சந்தேகம் சாகப்போகும் செல். 2004-இல் சுண்டெலிகளில் ஒரு விஷயம் காட்டப்பட்டது. மூளைக்கு ரத்தமும் ஆக்சிஜனும் தடைபட்டபின் சில முதிர்ந்த நியூரான்கள் டிஎன்ஏவைப் பிரதி எடுக்கத் தொடங்கி, பிரியாமலே இறந்துபோயின. அதாவது பிஆர்டியூ காட்டுவது டிஎன்ஏ எழுதப்பட்டதை. செல் இரண்டானதை அது காட்டுவதில்லை. இந்தத் துறையில் நான் அடிக்கடி பார்க்கும் வழுக்கல் இதுதான். ‘பிஆர்டியூ பாசிட்டிவ்’ என்று முடிவுப் பகுதியில் எழுதியவர், விவாதப் பகுதிக்கு வரும்போது ‘பிரிந்த செல்’ என்று எழுதிவிடுவார். இரண்டுக்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது, அந்தப் படிக்குத் தனியாகச் சான்று வேண்டும். பிரியும் கட்டத்தையே பார்க்க வேண்டுமானால் பாஸ்போ-ஹிஸ்டோன் எச்3 ஆன்டிபாடி உதவும். பிரிவுக்காகக் குரோமோசோம்கள் சுருங்கும் நேரத்தில், டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் என்ற புரதத்தில் ஏறும் பாஸ்பேட்டை அது பிடிக்கிறது. கோதன்பர்க் திசுவில் சாகும் செல் என்ற விளக்கம் நிற்காததற்கு, முன்பு சொன்ன இடைவெளியே காரணம். செத்துக்கொண்டிருக்கும் செல் ஆண்டுக்கணக்கில் காத்திருக்காது.

மூன்றாவது சந்தேகம் ஒரு செல் இன்னொன்றின் மேல் படுத்திருப்பது. நியூரானை ஒட்டியே சின்னக் கிளியா செல்கள் இருப்பது சகஜம். கிளியாவில் பிஆர்டியூ, அடியில் இருக்கும் நியூரானில் நியூஎன். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். இதன் விளைவு எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதை அடுத்து வந்த ஒரு மோதல் காட்டியது. 1999-இல் எலிசபெத் கோல்டு குழுவினர் வளர்ந்த குரங்கின் பெருமூளைப் புறணியிலும் புது நியூரான்கள் சேர்வதாக அறிவித்தார்கள். டேவிட் கோர்னாக்கும் பாஸ்கோ ராகிச்சும் 2001-இல் அதே பகுதியைக் கன்ஃபோகலில் அடுக்கடுக்காகப் பார்த்தபோது, இரட்டை அடையாளம் போலத் தெரிந்தவை பக்கத்துப் பக்கத்துச் செல்கள் என்றார்கள். புறணியில் செல் பிரிகிறது, நியூரான் பிறக்கவில்லை என்பது அவர்கள் முடிவு. பிஆர்டியூ பெற்ற புற்றுநோயாளிகளின் புறணியை யோனாஸ் ஃப்ரிசேன் குழு எரிக்சனோடு சேர்ந்து 2006-இல் பார்த்தது. அங்கேயும் பிஆர்டியூ செல்கள் இருந்தன, ஆனால் நியூரான் ஒன்றுகூட இல்லை. இந்த ‘இல்லை’ எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மனித மூளையில் பிஆர்டியூ ஆன்டிபாடி கண்ட இடத்திலெல்லாம் போலி நியூரானைக் காட்டும் என்றால் புறணியிலும் காட்டியிருக்க வேண்டும்.

வயதானவர் மூளையில் லிப்போஃபஸ்சின் என்றொரு கழிவு நிறமி சேரும். அது எந்த ஆன்டிபாடியும் இல்லாமலே, எல்லா நிறத்திலும் தானாக ஒளிரும். அனுபவமில்லாத கண்ணுக்கு அது இரட்டை அடையாளமாகவே தெரியும். எலிக்குட்டியின் மூளையில் பழகிய ஒருவர் மனிதத் திசுவுக்கு வரும்போது முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது இந்த மஞ்சள் பொய்யை ஒதுக்குவதைத்தான்.

செத்த செல்லிலிருந்து வெளிவரும் பிஆர்டியூவைப் பக்கத்துச் செல் எடுத்துக்கொள்ளலாம் என்றும் ஒரு பிரச்சினை உண்டு. அடையாளமிட்ட செல்களை மூளைக்குள் நடுகிற ஆய்வுகளை அது கடுமையாகப் பாதிக்கிறது, 2006-இல் அதைத் தெளிவாகவே காட்டினார்கள். கோதன்பர்க் ஆய்வில் செல் எதுவும் நடப்படவில்லை.

அடையாளம் வைக்காமலே

பிஆர்டியூவை முன்கூட்டியே கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காத ஒருவரின் திசு கிடைத்தால்? அதற்கு செல்லே வைத்திருக்கும் அடையாளங்களைத் தேட வேண்டும். 1983-இல் ஜெர்மனியின் கீல் நகரில் யோஹன்னஸ் கெர்டெஸும் சக ஆய்வாளர்களும் கண்ட கேஐ-67 ஆன்டிபாடி அப்படிப்பட்டது. அது பிடிக்கும் புரதம் செல் சுழற்சியில் இருக்கும் எல்லாக் கட்டத்திலும் உண்டு, ஓய்வில் இருக்கும் செல்லில் இல்லை. முதலில் உறைய வைத்த திசுவில்தான் வேலை செய்தது. 1992-இல் வந்த எம்ஐபி-1 ஆன்டிபாடியும் மைக்ரோவேவில் சூடாக்கும் உத்தியும் சேர்ந்து, மெழுகில் பதித்த சாதாரண பயாப்ஸி துண்டிலும் பார்க்க வழி செய்தன. நம் ஊரில் மார்பகப் புற்றுநோய் ரிப்போர்ட்டில் ‘கேஐ-67: இத்தனை சதவீதம்’ என்று வரும் வரி இதுதான். எண்ணிப் பார்த்த புற்றுச் செல்களில் எத்தனை சதவீதம் சுழற்சியில் இருக்கின்றன என்று அது சொல்கிறது. 5-க்குக் கீழே, 30-க்கு மேலே என்றால் பொருள் கொள்வது எளிது; நடுவில் உள்ள எண்கள் லேபுக்கு லேப் மாறக்கூடும். அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் கலங்கக் கூடாது, மருத்துவர் மற்றவற்றோடு சேர்த்துத்தான் பார்ப்பார்.

விலங்காய்வில் இப்போது இடியூ என்ற இன்னொரு பொருள் பிஆர்டியூவின் இடத்தைப் பாதி பிடித்துவிட்டது. 2008-இல் வந்த முறை இது. ஆன்டிபாடியே தேவையில்லை, சிறிய சாய மூலக்கூறு ஒன்று செம்பின் துணையோடு இடியூவில் நேராகக் கொக்கி போடும். அமிலக் குளியல் இல்லை, திசு பிழைக்கிறது. இருந்தாலும் பழுதுபார்ப்பு, சாகும் செல், பக்கத்துச் செல் போன்ற கேள்விகள் இடியூவுக்கும் அப்படியே பொருந்தும்.

பிறகு வந்த சண்டை

ஃப்ரிசேன் குழு 2013-இல் முற்றிலும் வேறு வழியில் வந்தது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 ஏறி, 1963-க்குப் பிறகு படிப்படியாகக் குறைந்தது. ஒரு செல் எந்த ஆண்டில் டிஎன்ஏ எழுதியதோ அந்த ஆண்டின் அளவு அதில் பதிந்திருக்கும். ஹிப்போகேம்பஸின் உட்கருக்களில் நியூரான்களுடையதை மட்டும் பிரித்தெடுக்க அவர்கள் நம்பியது, ஒளிரும் அடையாளமிட்ட நியூஎன் ஆன்டிபாடியைத்தான். கணக்குப்படி ஒவ்வொரு பக்க ஹிப்போகேம்பஸிலும் நாளுக்குச் சுமார் 700 புது நியூரான்கள்.

சரி, முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். 2018 மார்ச்சில் ‘நேச்சர்’ இதழில் ஷான் சாரெல்ஸ், ஆர்துரோ அல்வாரெஸ்-புய்யா குழு 59 மாதிரிகளைப் பார்த்து எதிர்முடிவு சொன்னது. அவர்கள் தேடியது இளம் நியூரானைக் காட்டும் டபுள்கார்ட்டின் போன்ற புரதங்களையும் கேஐ-67-ஐயும். குழந்தைகளிடம் தெரிந்தது வயது ஏற ஏறச் சரிந்தது. 18 முதல் 77 வயது வரையிலான மாதிரிகளில் டென்டேட் கைரஸில் இளம் நியூரான் தென்படவே இல்லை. அடுத்த மாதமே கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மவுரா போல்ட்ரினி குழு, 14 முதல் 79 வயது வரை 28 பேரின் மூளையைப் பார்த்து, புது நியூரான்கள் முதுமையிலும் தொடர்கின்றன என்றது.

ஒரே உறுப்பு, ஒரே வகை ஆன்டிபாடிகள், நேர்மாறான பதில். இதற்கு நான் ஏற்கும் விளக்கம் 2019-இல் மாட்ரிடிலிருந்து வந்தது. மரியா யோரென்ஸ்-மார்ட்டின் குழு ஒரே மூளையின் துண்டுகளை நிலைப்படுத்தும் கரைசலில் வெவ்வேறு நேரம் வைத்துப் பார்த்தது. நேரம் நீள நீள டபுள்கார்ட்டின் அடையாளம் மங்கியது, பிறகு காணாமலே போனது. செல் இருந்தது, ஆன்டிபாடிக்குத்தான் எட்டவில்லை. குறைந்த நேரம் நிலைப்படுத்திய திசுவில் அவர்கள் ஆரோக்கியமான 13 பேரிடம், எண்பதைத் தாண்டியவர்கள் உட்பட, இளம் நியூரான்களை ஏராளமாகக் கண்டார்கள். எதிர்த்தரப்பு இதை முழுதாக ஏற்கவில்லை. டபுள்கார்ட்டின் ஆன்டிபாடி முதிர்ந்த செல்களிலும் ஒட்டக்கூடும், ஒட்டியதெல்லாம் புதியது என்று எப்படிச் சொல்வது என்று கேட்டது. நியாயமான கேள்விதான். டபுள்கார்ட்டின் ஒரு செல் எப்போது பிறந்தது என்று சொல்லாது. பிஆர்டியூ சொல்லும். இத்தனை ஆண்டு கழித்தும் கோதன்பர்க் ஸ்லைடுகளுக்கு மரியாதை குறையாததற்குக் காரணம் அதுதான்.

2025 ஜூலையில் ஃப்ரிசேன் குழுவே மறுபடி ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. பச்சிளங்குழந்தை முதல் 78 வயது வரையிலான மூளைகளிலிருந்து உட்கருக்களைப் பிரித்து, கேஐ-67 ஆன்டிபாடியால் சுழற்சியில் இருப்பவற்றைச் சலித்தெடுத்து, ஒவ்வொன்றின் ஆர்என்ஏவையும் தனித்தனியாகப் படித்தார்கள். ஆன்டிபாடி சலித்துக் கொடுத்தது, எந்தச் செல் என்று தீர்ப்புச் சொன்னது ஆர்என்ஏ. பெரியவர்களிடமும், நியூரானாகப் போகும் முன்னோடிச் செல்கள் பிரிந்துகொண்டிருந்தன. ஆனால் ஆளுக்கு ஆள் வேறுபாடு பெரிது. சிலரிடம் நிறைய, சிலரிடம் தேடினாலும் அரிது. கோதன்பர்க்கில் இருந்தது ஐந்து பேர் மட்டும் என்பதால் இந்த வேறுபாட்டைப் பார்க்க அங்கே வழியே இல்லை. வயது, நோய், மரணத்துக்கும் திசுவை நிலைப்படுத்துவதற்கும் நடுவில் போன நேரம் என்று ஒவ்வொன்றையும் பதிந்து வைத்த பெரிய மூளைத் திசு வங்கிகளில்தான் இனி அதைத் தேட வேண்டும்.